செம்மொழி டீச்சர் காரில் மட்டும் எடுக்கும் ஸ்டேஷன்

செம்மொழி கார் வாங்கியது தனியாக இருப்பதற்காக. வாங்கிய மறுவாரத்திலிருந்து அந்தக் காரில் அவள் தனியாக இருக்கும் தூரம், அவளுடைய வீட்டு வாசலிலிருந்து குடவாசல் கடைத்தெருத் திருப்பம் வரைதான். அந்தத் திருப்பத்தில் தலைமையாசிரியை தர்மாம்பாள் கைப்பை, சாப்பாட்டுக் கூடை, குடை மூன்றோடும் நின்றுகொண்டிருப்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் அருள்பிரகாஷ் சார் ஏறுவார். அடுத்த தெருமுனையில் சஃபியா. நால்வருக்கும் நன்னிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே நடுநிலைப் பள்ளி. ஒரே பள்ளிக்கு ஒரே நேரத்தில் போகிற நாலு பேரில் ஒருத்தியிடம் மட்டும் கார் இருந்தால், அது அவளுடைய கார் இல்லை, பள்ளிக்கூடத்தின் கார். முன் இருக்கை பதவி மூப்பின்படி தர்மாம்பாளுக்கு. ஏ.சி. வேண்டுமா, கண்ணாடியை இறக்குவதா என்பதும் பதவி மூப்பின்படிதான்.

செம்மொழியின் அப்பா முருகையன் ஆயுசில் பாதியை அடுத்தவர் வயலில் கழித்தவர். அவர் இதை ஒரு நாள் கடைத்தெருவில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ ஓட்டுற. அவங்க உக்காந்து வர்றாங்க. இதுல யாரு முதலாளி?"

"கார் என்னுதுப்பா."

"அது சரி. வயலும் நான் உழுதப்ப என்னுது மாதிரிதான் இருந்துச்சு."

காரைப் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருந்தாள். எத்தனை கழுவினாலும் உள்ளே கொப்பரை வாசம் போகவில்லை. ஸ்டீரியோவில் சிடி போகும் வாயில் வியாபாரியின் பேரன் உண்டியல் என்று நினைத்து ஒரு நாணயத்தைப் போட்டிருந்தான். அது இன்றும் உள்ளேதான் இருக்கிறது, திருப்பத்தில் கிலுங்கும். புளூடூத் என்ற சொல்லே தெரியாத காலத்து ஸ்டீரியோ அது. ரேடியோ மட்டும் பாடும். அதுவும் காரைக்கால் பக்கத்திலிருந்து காற்று அடித்தால். மற்ற நாட்களில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம் வரும். அதைத் தர்மாம்பாள் அணைக்கச் சொல்லிவிடுவார். பிறகு அவரே பேசுவார். காரை ஓட்டிய அந்த ஆண்டுகளில் செம்மொழி ஒரு முழுப் பாட்டைத் தன் காரில் கேட்டதில்லை.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். அதற்குள் உச்ச நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வந்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுதித் தேறவேண்டும், கெடுவுக்குள் தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு காரில் முன் இருக்கைக்கு மட்டும் கிடைத்தது. மற்ற மூன்று இருக்கைகளுக்கும் கெடு.

முருகையன் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற அதிசயத்தை முதலில் கண்டவள் செம்மொழி. வீட்டுக்குக் கூரை போய்க் காங்கிரீட் வந்தது அந்தச் சம்பளத்தில். மகள் தஞ்சாவூரில் கல்லூரி படிப்பது அந்தச் சம்பளத்தில். கணவன் பரிதிக்கும் வருமானம் உண்டு. ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்வான். ஆனால் அவன் தொழில் திருவிழாவையும் தள்ளுபடியையும் சாவையும் நம்பி இருப்பது. இந்த மூன்றில் எதையும் மாதச் சம்பளம் போல எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பதும் நன்றாக இருக்காது. ஆக, வேலை போனால் எல்லாம் போகும். பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் இப்போது தானே எழுதி, தேறியாகவேண்டும்.

எழுதலாம் என்றால் ஆசிரியர் சங்கம் விடவில்லை. நன்னிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். யாரும் படிக்கக் கூடாது, படித்தால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். முன்மொழிந்தவர் வட்டாரச் செயலாளர் அருள்பிரகாஷ். படிக்க வேண்டாம் என்று ஆசிரியர்கள் ஏகமனதாகக் கை தூக்கியதை மண்டபத்துச் சமையல்காரர் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தார். செம்மொழியும் தூக்கினாள். தூக்காத கை மடியிலிருந்த பையில், குழந்தை உளவியல் புத்தகத்தின் மேல் இருந்தது.

படிக்க எங்கே நேரம்? காலையில் அடுப்பு, பகலில் பள்ளி, மாலையில் மறுபடி அடுப்பு. கண்ணுக்கு ஓய்வில்லை. காது மட்டும் சும்மா இருந்தது, அதுவும் காரில், அந்த முதல் ஒன்றரை கிலோமீட்டரில். பாடத்தைப் பேசிப் பதிந்து போட்டுக் கேட்டால் என்ன? தன் குரலில் பதிந்து பார்த்தாள். தன் குரலைக் கேட்டதும் தானே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலக் கொட்டாவி வந்தது. பரிதியைப் பிடித்தாள். அவன் ஆட்டோவில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, புத்தகத்தைப் பார்த்து வாசித்தான். தொழில் விடவில்லை. கற்றல் என்றால் என்ன என்பதை, பெரியவர் ஒருவர் இயற்கை எய்தினார் என்று சொல்லும் அதே நிதானத்தில் சொன்னான்.

"கற்றல் என்பது... அனுபவத்தின் வாயிலாக... நடத்தையில் ஏற்படும்... நிலையான மாற்றம்... என்பதைத் தெரிவித்துக் கொள்கிறோம்."

"கடைசியில அது எதுக்கு?"

"அது இல்லாம எனக்கு முடிக்க வராது செம்மொழி."

போனில் பாடம் ஏறிவிட்டது. போனைக் காரோடு சேர்ப்பது எப்படி? கடைத்தெருவில் அஸார் கடையில் கேட்டாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கட்டைவிரல் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"சிகரெட் பத்த வைக்க ஒரு ஓட்டை இருக்கும்ல டீச்சர், அதுல இதைச் செருகுங்க. இது போன்ல ஓடுறதைப் பிடிச்சு ரேடியோ மாதிரி காத்துல விடும். உங்க ஸ்டீரியோ அதை ரேடியோன்னு நெனச்சு வாங்கிக்கும்."

"ஏமாத்துறதா?"

"ஸ்டீரியோவைத்தானே? பாவமில்ல. எந்த ஸ்டேஷனும் வராத நம்பரா பார்த்து வச்சிக்குங்க. எம்பத்தேழு புள்ளி ஒம்பது காலியா கெடக்கு."

"பாட்டும் கேக்குமா?"

"அதுக்குத்தானே டீச்சர் எல்லாரும் வாங்குறாங்க."

அவளும் அதற்காகவே வாங்கியதாக நினைத்துக்கொண்டாள். முதலில் பாடம், தேறியபின் பாட்டு.

மறுநாள் காலை செருகினாள். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பரிதியின் குரல் நான்கு மூலையிலிருந்தும் எழுந்து வளர்ச்சி நிலைகளை அறிவித்தது. திட்டம் எளிமையானது: திருப்பத்துக்கு முன்னால் பிடுங்கிப் பையில் போட்டுவிடுவது. ஆனால் அன்றைக்குத் தார்ச்சாலையின் பாதியில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே அறுவடை இயந்திரம் வந்தது. நெல்மேல் ஏற்றினால் சண்டை, ஏற்றாவிட்டால் வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே செம்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்துத் திருப்பத்துக்கு வந்து நின்றபோது, தர்மாம்பாள் கதவைத் திறந்துகொண்டு ஏறிவிட்டார்.

"...குழந்தையின் சிந்தனை வளர்ச்சியில் இரண்டாவது நிலை யாதெனில்..."

தர்மாம்பாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீரியோவைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"ரேடியோ மேடம்." பொய் தானாக வந்தது. கை தூக்கியவள் அவள். பின்னால் ஏறப்போவது தீர்மானத்தை முன்மொழிந்தவர்.

"எந்த ஸ்டேஷன்?"

"புதுசு. கல்வி ஒலிபரப்பாம். மாத்தினா வேற எதுவும் எடுக்க மாட்டேங்குது."

"இருக்கட்டும், இருக்கட்டும். இரைச்சலுக்கு இது தேவலாம்."

அருள்பிரகாஷ் ஏறினார். ஒரு நிமிடம் கேட்டார். "என்ன டீச்சர், தேர்வுப் பாடம் மாதிரி இருக்கு?"

"ரேடியோ சார்" என்றார் தர்மாம்பாள், செம்மொழிக்கு முந்தி.

"அப்ப சரி" என்றார் செயலாளர். "ரேடியோ பாடுதுன்னா நாம என்ன பண்ண முடியும்?" சொல்லிவிட்டு முன் இருக்கைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

சஃபியா ஏறியதும் காதைத் தீட்டினாள். "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே... எங்க தெருவுல துணிக்கடைத் தள்ளுபடிக்கு ஒருத்தர் சொல்லிட்டுப் போவாரே..."

நாணயம் ஒரு திருப்பத்தில் கிலுங்கியது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குரல் இருக்கு இப்பல்லாம்" என்றார் தர்மாம்பாள்.

பள்ளி வந்து, வண்டியை நிறுத்தியபோது மூன்றாவது நிலை பாதியில் இருந்தது. அருள்பிரகாஷ் இறங்க மனமில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாதியில விடுறாங்களே. சாயங்காலம் தொடர்ந்து போடுவாங்களா?"

"போடுவாங்கன்னு நெனைக்கிறேன் சார்."

அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கியது. இனி தப்பிக்க முடியாது. நிலையத்தை நிறுத்தினால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். நடத்தினால் நாளொன்றுக்கு இரண்டு வேளை நிகழ்ச்சி வேண்டும். ஒலிபரப்புத் துறையில் அனுபவமோ ஆசையோ இல்லாத ஒருத்தி ஒரே காலையில் நிலைய இயக்குநர் ஆகியிருந்தாள். மாலை அடுப்பில் சாதம் கொதிக்கும்போது கரண்டியைப் பிடித்துக்கொண்டே பாடத்தைச் சுருக்கிச் சொல்வாள், பரிதி ஆட்டோவில் உட்கார்ந்து பதிவு செய்வான். படிக்க நேரமில்லை என்று தொடங்கியவள், படித்து, சுருக்கி, திருத்தி, மறுநாள் மறுபடி கேட்கவேண்டியதாயிற்று.

வாரம் போகப் போக நேயர்கள் குறை சொல்லவும் ஆரம்பித்தார்கள். தமிழ் இலக்கணம் வரவே மாட்டேன் என்கிறதே என்று சஃபியா. கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தர்மாம்பாள், தேர்வே எழுத வேண்டாத தர்மாம்பாள்.

கணக்கில் செம்மொழிக்கு எப்போதும் நடுக்கம். கணக்குப் பாடத்தைப் பரிதி அறிவித்த அன்று அருள்பிரகாஷ் கொதித்தெழுந்தார்.

"யாருங்க இந்த ஸ்டேஷனை நடத்துறது? விகிதத்தை இப்படியா சொல்றது? ஒரு மூட்டைக்கு இவ்வளவுன்னா இத்தனை மூட்டைக்கு எவ்வளவுன்னு ஆரம்பிச்சாத்தானே மண்டையில ஏறும்?" நன்னிலம் வரை அவர் நிலையத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டி முடித்தபோது விகிதம், சதவீதம், வட்டி மூன்றும் முடிந்திருந்தன. செம்மொழிக்குப் பதினெட்டு வருஷத்தில் புரியாதது புரிந்தது.

"நாளைக்குப் பரப்பளவைத் தப்பாச் சொல்லுங்க" என்றாள் அன்று மாலை பரிதியிடம்.

"தெரிஞ்சே தப்பாவா?"

"சரியாச் சொன்னா சார் வாயைத் திறக்க மாட்டாருங்க."

ஒரு நாள் நடு ஒலிபரப்பில் போன் மணி அடித்தது. பதறிப்போன செம்மொழி தவறான பொத்தானை அழுத்த, அவளுடைய அம்மா ராமாயி நான்கு ஸ்பீக்கரிலும் வந்தாள்: "ஏய் செம்மொழி, உளுந்த ஊற வச்சியா இல்லையாடி? நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கேன்!"

செம்மொழி துண்டித்தாள். கார் ஓடியது. கண்ணாடியில் பார்க்கத் துணிவில்லை.

"நேயர் நேரம் போல" என்றார் தர்மாம்பாள், வெளியே நடவு முடிந்த சம்பா வயலைப் பார்த்தபடி.

"உளுந்து முக்கியந்தான் மேடம்" என்றாள் சஃபியா. அதற்குப் பிறகு பரிதியின் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அருள்பிரகாஷ் இருமினார். அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் படிப்பது தீர்மானத்துக்கு விரோதம், ரேடியோ கேட்பது தீர்மானத்தில் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே நாலு பேரும் படிப்பை நிறுத்தியாகவேண்டும். செம்மொழி தன் பொய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் அதற்குள் வசதியாகக் குடியிருந்தார்கள்.

வசதி வெளியே கசிந்தது. ரயில்வே கேட்டில் வண்டிகள் நிற்கும்போது பக்கத்துப் பள்ளி ஜோஸ்வா சார் காரும் வந்து ஒட்டி நிற்கும். அவர் காரில் நாலு பேர், நால்வருக்கும் கெடு. ஒரு நாள் அவர் கண்ணாடியை இறக்கினார்.

"டீச்சர், சஃபியா மேடம் சொன்னாங்கன்னு எம்பத்தேழு புள்ளி ஒம்பது வச்சேன். வீட்டுல எடுக்கல, ஸ்கூல்ல எடுக்கல. இந்தக் கேட்டுல மட்டும் கணீர்னு எடுக்குது. ஏன்னு தெரியல!"

"கேட்டுப் பக்கம் டவர் இருக்கும் சார்" என்றார் அருள்பிரகாஷ் பின்னாலிருந்து.

ஜோஸ்வா சார் கணக்கு வாத்தியார் இல்லை என்றாலும் கணக்குப் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அவர் கார் செம்மொழியின் காருக்குப் பின்னால் முட்டுகிற மாதிரி வந்தது. அதற்குப் பின்னால், இன்னும் இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன். அந்தச் செருகி விடும் அலை சில கஜ தூரம்தான் போகும். அதனால் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்திலும் வளைவிலும் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தன. செம்மொழி கொஞ்சம் விரட்டினால் பின்னால் ஹாரன். நின்றால் எல்லாம் நிற்கும். ஏதோ துக்கத்துக்குப் போகிற வண்டிகள் என்று எண்ணி டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பரிதியின் குரல் வேறு ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"நாப்பதுக்கு மேல போகாதீங்க டீச்சர்" என்று ஜோஸ்வா சார் கேட்டில் கேட்டுக்கொண்டார். "நேத்து மூணாவது நிலையோட எங்களுக்குக் கட் ஆயிருச்சு. நாலாவது என்னன்னே தெரியாம தூக்கம் வரல."

கார் வாங்கியவளுக்கு இப்போது வேகமும் சொந்தமில்லை. தனியாக இருந்த அந்த ஒன்றரை கிலோமீட்டரில்கூட, அன்றைய நிகழ்ச்சி சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

தேர்வுக்குக் கொஞ்சம் முன்பு சங்கத்தில் விசாரணை வந்தது. வட்டாரத்தில் யாரோ ரகசியமாகப் படிப்பதாக மேலிடத்துக்குத் தகவல் போயிருந்தது. அருள்பிரகாஷ் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். செம்மொழி கண்ணாடியில் அவரையே பார்த்துப் பார்த்து ஓட்டினாள். சங்கம் தன் பெயரைச் சொன்னால் பள்ளிகளில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டதை வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் தொண்டையைச் செருமினார்.

"நம்ம வட்டாரத்துல ஒருத்தரும் படிக்கலன்னு சொல்லிட்டேன். சில பேரு ரேடியோ கேக்குறாங்க, அது தனிமனித உரிமைன்னு சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க" என்றார் தர்மாம்பாள். "பாவம், எந்த வம்புக்கும் போகாத ஸ்டேஷன்."

தேர்வன்று ஞாயிற்றுக்கிழமை. திருவாரூர் போகவேண்டும். தனியாகப் போய்விடலாம் என்று விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினாள். திருப்பத்தில் தர்மாம்பாள் கூடையோடு நின்றார்.

"எங்க மேடம்?"

"எனக்குத் திருவாரூர்க் கோயில்ல ஒரு வேண்டுதல். நீ அந்தப் பக்கந்தானே போற?" போகிறாள் என்று யார் சொன்னது என்று செம்மொழி கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அருள்பிரகாஷ், சட்டைப் பையில் இரண்டு கறுப்புப் பேனா. "சங்கத்துல பார்த்துட்டு வரச் சொன்னாங்க, யாரெல்லாம் துரோகம் பண்ணி எழுத வர்றாங்கன்னு. உள்ள போய் உக்காந்து பார்த்தாத்தானே தெரியும்?" சஃபியா ஒரு காரணமும் சொல்லாமல் ஏறிக்கொண்டாள். காரில் அவள் ஒருத்திக்குத்தான் பொய் சொல்லச் சோம்பல்.

அன்று நிலையம் ஓடவில்லை. தர்மாம்பாள் குடையால் செம்மொழியின் முழங்கையைத் தட்டினார்.

"பயப்படாம எழுது. நீங்க மூணு பேரும் வீட்டுக்குப் போயிட்டா நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டா வர்றது?"

அவர் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான். தேர்வு அறையில் முதல் கேள்வியைப் பார்த்ததும் செம்மொழியின் காதுக்குள் இரங்கல் குரலில் விடை ஒலித்தது. விகிதக் கணக்கில் செயலாளர் திட்டிக்கொண்டே வந்தார்.

முடிவு வந்தபோது சம்பா அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் கட்டு கிடந்தது. செம்மொழி தேறினாள். முருகையன் விஷயத்தைக் கேட்டு, "அப்ப வேலை போகாது?" என்றார். "போகாதுப்பா, ஓய்வு வரைக்கும்." "ஓய்வு வரைக்கும்" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சஃபியாவும் தேறினாள். அருள்பிரகாஷ் தேர்வே எழுதவில்லை, ஆகவே தோற்கவும் இல்லை. அப்படித்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பரிதி அவள் போனில் பாட்டுகளை நிரப்பிக் கொடுத்தான். செம்மொழி வீட்டு வாசலிலேயே ஒன்றைப் போட்டாள். பழைய காரின் நான்கு மூலையிலிருந்தும் புல்லாங்குழல் கிளம்பியது. கொப்பரை வாசம்கூட அன்று உறுத்தவில்லை. திருப்பம் வந்தும் அவள் அணைக்கவில்லை. அணைக்கப் போவதுமில்லை.

"என்னம்மா, ஸ்டேஷன்ல பாட்டு?" என்று கேட்டபடி ஏறினார் தர்மாம்பாள்.

"இன்னைலேருந்து பாட்டுத்தான் மேடம்."

தர்மாம்பாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். அருள்பிரகாஷ் ஏறினார், ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தார். சஃபியா ஏறி வண்டி நகர்ந்த பிறகும் அவர் நிலையத்தைத் திட்டவில்லை. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது, வெளியே பார்த்தபடியே, அடுத்தவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

"அந்த உளவியல்... வளர்ச்சி நிலைகள். அதையெல்லாம் மறுபடி போடுவாங்களா டீச்சர்? தெரிஞ்சவர் ஒருத்தருக்கு அதுலதான் போச்சாம். கெடு இன்னும் இருக்கு."

செம்மொழி பதில் சொல்வதற்குள் ரயில்வே கேட் வந்தது. கேட் சாத்தியிருந்தது. பின்னால் ஜோஸ்வா சார் கார், அதன் பின்னால் வேன். ஹாரன் ஒன்று, இன்னொன்று. ஜோஸ்வா சார் இறங்கியே வந்துவிட்டார்.

"டீச்சர், என்ன இது, ஸ்டேஷன்ல பாட்டு வருது? எங்க காருல ரெண்டு பேருக்குத்தான் பாஸு. வேன்ல ஒருத்தருக்கும் இல்லை."

பாட்டு இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. செம்மொழி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வேன் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். தர்மாம்பாள் மடியிலிருந்த கூடையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஏதோ இடையில் ஒரு பாட்டுப் போட்டிருப்பாங்க சார்" என்றாள் செம்மொழி. "போய் உக்காருங்க, இப்ப மாறும்."

போனில் பாட்டை நிறுத்தி, விரலால் தேடி, பழைய கோப்பைத் தொட்டாள். கேட் திறந்தது. நாணயம் கிலுங்கியது. வண்டி நாற்பதுக்குள் நகர, பரிதி முதலிலிருந்து ஆரம்பித்தான்:

"கற்றல் என்பது... அனுபவத்தின் வாயிலாக..."